சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்: பார்த்து வாங்குவதும் சரியாக மாட்டுவதும்

வீட்டு இன்வெர்ட்டருக்கு சோலார் சேர்ப்பவர்கள் பேனலையும் பேட்டரியையும் நாலு கடை ஏறி இறங்கி வாங்குகிறார்கள். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மட்டும் கடைக்காரர் கொடுத்ததுதான். பேனலுக்குப் பொருந்தாத கன்ட்ரோலர் பாதிக்கு மேல் மின்சாரத்தை வீணாக்கிவிடும்.

முதலில் பேனலின் பின்புற ஸ்டிக்கரைப் படியுங்கள். 72 செல் உள்ள 335 வாட் பேனல் என்றால் விஎம்பி (முழுத் திறனில் பேனல் தரும் வோல்டேஜ்) 37 வோல்ட், ஐஎம்பி (அப்போது தரும் கரண்ட்) 9 ஆம்பியர் அளவில் இருக்கும். இதை 12 வோல்ட் பேட்டரியோடு பிடபிள்யூஎம் என்ற எளிய வகை கன்ட்ரோலரில் மாட்டினால், பேனலும் பேட்டரியின் 13 வோல்டுக்கே இறங்கிவிடும், ஆம்பியரோ அதிகரிக்காது. 9 × 13, ஏறக்குறைய 117 வாட்தான் மிச்சம். எம்பிபிடி என்ற இன்னொரு வகை கன்ட்ரோலர் உபரி வோல்டேஜை ஆம்பியராக மாற்றி 24 ஆம்பியர் வரை தரும். 30 ஆம்பியர் மாடல் வாங்குங்கள். 36 செல் சிறிய பேனலுக்கு பிடபிள்யூஎம் போதும்.

எம்பிபிடி என்று அச்சடித்த பிடபிள்யூஎம் பெட்டிகளும் விற்பனையில் உண்டு. கண்டுபிடிக்க, வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் டிசி கிளாம்ப் மீட்டர் போதும். பேட்டரி நிறையாத நேரம், நல்ல வெயிலில் பேனல் வயரிலும் பேட்டரி வயரிலும் ஆம்பியர் பாருங்கள். மேலே சொன்ன பேனலுக்கு இரண்டும் ஒன்றாக இருந்தால் அது எம்பிபிடி இல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேனல்களைத் தொடரில் இணைப்பதானால் விஓசியை (எதோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்டேஜ்) கூட்டிப் பாருங்கள். 49 வோல்ட் பேனல் இரண்டு சேர்ந்தால் 98. கன்ட்ரோலரின் உச்சவரம்பு 100 என்றால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் குளிரில் விஓசி ஏறும்: 25 டிகிரிக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 சதவீதம். ஊட்டியில் 5 டிகிரி காலையில் அது 104 வோல்ட், கன்ட்ரோலர் போய்விடும்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல், கடைசியில் லோடு (விளக்கு போல மின்சாரம் எடுக்கும் சாதனம்). கழற்றும்போது நேர்மாறாக. 12 வோல்டா 24 வோல்டா என்பதைப் பல கன்ட்ரோலர்கள் பேட்டரியை வைத்தே முடிவு செய்கின்றன. பேட்டரி பக்கம் 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ஒன்றரை மீட்டருக்குள். பாசிட்டிவில் பேட்டரியை ஒட்டி 40 ஆம்பியர் டிசி ஃபியூஸ். பேனல் பக்கம் டிசி எம்சிபிதான் (கரண்ட் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட வேண்டும். வீட்டு ஏசி எம்சிபி டிசியில் எழும் தீப்பொறியை அணைக்காது, உருகிப் பற்றிக்கொள்ளும். இன்வெர்ட்டரை லோடு டெர்மினலில் கொடுக்காதீர்கள். 800 விஏ இன்வெர்ட்டர் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது நேராகப் பேட்டரிக்குப் போகட்டும்.

இன்வெர்ட்டர்களில் வரும் டியூபுலர் வகை லெட்-ஆசிட் பேட்டரிக்கு பூஸ்ட் (நிரப்பும் வோல்டேஜ்) 14.4, ஃப்ளோட் (நிறைந்தபின் காக்கும் வோல்டேஜ்) 13.6 வோல்ட் வைக்கலாம். பேட்டரி கம்பெனி வேறு சொன்னால் அதையே வையுங்கள். வெப்ப சென்சாரைப் பேட்டரியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். 40 டிகிரி வெயிலில் பூஸ்ட் 14.1-க்கு இறங்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த வெப்பத் திருத்தமும் ஈக்வலைஸும் (செல்களைச் சமன்படுத்த வோல்டேஜைக் கூட்டிச் சார்ஜ் செய்வது) கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கரண்ட் பில் குறையவில்லையா? பகலில் இன்வெர்ட்டரே ஈபி கரண்டில் பேட்டரியை நிரப்பிவிடுகிறது. சோலாருக்கு வேலையே இல்லை. இதற்கு சோலார் மேனேஜ்மென்ட் யூனிட் தேவை. பேட்டரி நிறைந்ததும் அது இன்வெர்ட்டருக்குப் போகும் ஈபி இணைப்பைத் துண்டித்து, பேட்டரி இறங்கியதும் மறுபடி சேர்க்கும். மீண்டும் சேரும் அளவை 12 வோல்டுக்குக் கீழே இறக்காதீர்கள். இரவில் மின்வெட்டு வந்தால் பேட்டரியில் இருப்பு வேண்டும்.