எம்.எஸ். நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நன்றாக இருக்கிறதே என்று மருந்தை நிறுத்தாதீர்கள்

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். இந்த நோயில் மிகப் பெரிய தவறு உடம்பு படுத்தும்போது நடப்பதில்லை, நன்றாக இருக்கும்போதுதான் நடக்கிறது. மங்கிய பார்வை திரும்பிவிட்டது, மரத்துப்போன கால் சரியாகிவிட்டது, ஆறு மாதமாக ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் எதற்கு இந்த ஊசியும் மாத்திரையும் என்று தோன்றும். மெல்ல நிறுத்திவிடுவார்கள்.

நோய் எதிர்ப்பு மண்டலம் மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் என்ற பாதுகாப்பு உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். அப்படி விழும் புண்களில் பெரும்பாலானவை வெளியே தெரிவதே இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், நோயாளி உணர்ந்த அட்டாக்குகளைவிடப் பல மடங்கு அதிகமான புண்கள் இருக்கும். 1993-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இன்டர்ஃபெரான் முதல் 2017-ல் வந்த ஓக்ரெலிசுமாப் வரை, இந்த மருந்துகளின் வேலை புதிய புண்கள் விழாமல் தடுப்பது. இழந்த பலத்தை அவை திருப்பித் தருவதில்லை. ஆகவே மருந்து பலிக்கிறதா என்பதை உடம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, ஸ்கேன்தான் சொல்லும்.

நடாலிசுமாப், ஃபிங்கோலிமாட் என்ற இரண்டு எம்.எஸ். மருந்துகளிலும் கூடுதல் கவனம் தேவை. இவற்றை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பிவரலாம். பக்கவிளைவு தாங்கவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை, ஊசி போட்டுப் போட்டு வெறுத்துவிட்டது என்று காரணம் எதுவாக இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஒழுங்காக எடுத்துக்கொள்கிறேன் என்று மறைத்தால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து அவர் இன்னும் வீரியமான ஒன்றுக்கு மாற்றிவிடக்கூடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் கண் மங்குகிறது, காய்ச்சல் வந்தால் கால் துவள்கிறது. உடனே அட்டாக் என்று பயந்து ஸ்டீராய்டு கேட்பார்கள். 1890-லேயே வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடல் உழைப்புக்குப் பின் பார்வை தற்காலிகமாக மங்குவதைப் பதிவுசெய்திருக்கிறார். உறை தேய்ந்த நரம்பு, உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே சமிக்ஞையைக் கடத்தத் திணறும். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். புதிய சேதம் எதுவும் இல்லை.

உண்மையான அட்டாக் என்றால் புதிய அறிகுறியோ, பழைய அறிகுறியின் மோசமான நிலையோ, காய்ச்சலும் தொற்றும் இல்லாத நேரத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். எனவே முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. எரிச்சலே இல்லாமல்கூடச் சிறுநீர்த் தொற்று ஒளிந்திருந்து காலின் பலத்தைக் குறைக்கும். தொற்று இருப்பது தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அந்தத் தொற்று முற்றும். ஸ்டீராய்டு தேவைப்படும் அட்டாக்குகள் உண்டுதான். ஆனால் அது குணமாவதை விரைவுபடுத்துமே தவிர, நோயின் நீண்டகாலப் போக்கை மாற்றாது.

அடிக்கடி கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பவர்கள் பலர். அவர்களின் சங்கடம் புரிகிறது. ஆனால் சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலடையும், தொற்றும் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். கூச்சப்படாமல் சொன்னால், சிறுநீர் முழுதாக வெளியேறுகிறதா என்று ஸ்கேனில் பார்த்து அதற்கேற்ற வழி சொல்வார்கள். உடற்பயிற்சியும் அப்படித்தான். ஒருகாலத்தில் மருத்துவர்களே வேண்டாம் என்றார்கள், இன்று அதுவே சோர்வைக் குறைக்க உதவும் என்கிறார்கள். காற்றோட்டமான இடத்தில், இடையிடையே ஓய்வெடுத்துச் செய்யுங்கள். புகைபிடிப்பவர்கள் இன்றே விட முயலுங்கள், நோயை வேகப்படுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

செய்திகளை நம்புவதிலும் நிதானம் வேண்டும். 2009-ல் இத்தாலிய மருத்துவர் பாவ்லோ சாம்போனி, கழுத்துச் சிரைகளில் (இரத்தக்குழாய்களில்) ஏற்படும் அடைப்புதான் எம்.எஸ்.-க்குக் காரணம் என்ற கருத்தை முன்வைத்தார். அடைப்பை விரிக்கும் சிகிச்சைக்காக உலகமெங்கும் மக்கள் பணத்தைக் கொட்டினார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். பின்னர் முறையாக நடந்த சோதனைகளில் பலன் எதுவும் தெரியவில்லை. எம்.எஸ். வருவதில் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்குப் பங்கு உண்டு என்று 2022-ல் வெளியான ஆய்வு அப்படிப்பட்டதல்ல, வலுவானது. ஆனால் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோர் உடம்பிலும் அந்த வைரஸ் இருப்பதால், அதற்கு இரத்தப் பரிசோதனை செய்து பதறுவதில் பயனில்லை.

குழந்தை பெற நினைப்பவர்கள் கருவுற்ற பிறகு மருத்துவரிடம் சொன்னால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. டெரிஃப்ளூனோமைடு மாத்திரை கருவைப் பாதிக்கும், நிறுத்திய பிறகும் 2 ஆண்டுகள் வரை இரத்தத்தில் தங்கலாம். அதை வேகமாக வெளியேற்றத் தனி மருந்து இருக்கிறது, முன்கூட்டியே சொன்னால் திட்டமிடலாம். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அட்டாக் பெரும்பாலும் குறையும், பிரசவத்துக்குப் பின் வரும் மூன்று மாதங்களில் கூடும். எனவே மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது, தாய்ப்பால் கொடுக்கும்போது எந்த மருந்து சரி என்பதையெல்லாம் வயிற்றில் குழந்தை இருக்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த பிறகு அதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.