பெயரை அழித்தால் மட்டும் போதாது

சுகாதார ஆய்வுகளுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலையில் தொடங்கியவள் நான். இப்போது தரவுகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் கள ஆய்வாளர்களுக்கு முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: ஒருவருக்கு என்ன நோய் என்பது மட்டுமல்ல, அவர் நம் ஆய்வில் இருக்கிறார் என்பதே ரகசியம்.

எனக்கு இது புரிந்தது ஒரு போன் அழைப்பில். எச்.ஐ.வி. ஆய்வு ஒன்றில் இருந்த பெண்ணுக்கு அடுத்த வருகையை நினைவூட்டக் கூப்பிட்டேன். எடுத்தது மாமியார். "எங்கேர்ந்து பேசறீங்க?" என்று கேட்டார். நான் ஆய்வின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரிலேயே நோயின் பெயரும் இருந்தது. அந்தப் பெண் அதன்பிறகு வரவேயில்லை. அந்த வீட்டில் அன்று மாலை என்ன நடந்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஆகவே ஒப்புதல் வாங்கும்போதே கேளுங்கள்: எந்த எண்ணுக்குக் கூப்பிடலாம், எந்த நேரத்தில், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது? பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். "வேற யாராவது எடுத்தா ராங் நம்பர்னு வெச்சிடுங்க" என்றார் ஒருவர். கடைசிவரை அப்படியே செய்தோம். குறுஞ்செய்தி, தபால் உறை, வண்டியில் ஒட்டும் பலகை, உங்கள் அடையாள அட்டை எதிலும் நோயின் பெயர் வேண்டாம். வெளியே சொல்ல ஆய்வுக்குப் பொதுவான ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

"யாருக்கும் தெரியாது" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். நெறிமுறைக் குழுவும் தணிக்கையாளரும் படிவத்தைப் பார்க்கக்கூடும். சில விஷயங்களைச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டியிருக்கும். யார் யார் பார்ப்பார்கள் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்வதுதான் நேர்மை.

பேட்டியின் நடுவில் யாராவது உள்ளே வந்துவிடுவார்கள். அதற்கும் தயாராகப் போங்கள். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: கையில் சாதாரணக் கேள்விகள் கொண்ட இன்னொரு தாளை வைத்திருந்து, ஆள் வந்ததும் அதற்கு மாறிவிடுவது. மாறப்போகிறோம் என்பதைப் பேட்டி கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழம்பிப்போவார்.

அடுத்து காகிதம். ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். முதலெழுத்தையோ பிறந்த தேதியையோ வைத்து அதை உருவாக்காதீர்கள். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் வேறு இடத்தில், கடவுச்சொல் போட்டு, ஓரிருவர் கையில் மட்டும் இருக்கட்டும். ஒருமுறை நான் பொறுப்பேற்ற அலமாரியில், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் கேள்வித்தாளும் ஒன்றாகப் பின் அடிக்கப்பட்டிருந்தன. பெயரும் பதில்களும் ஒரே கட்டில்! மூன்று நாள் உட்கார்ந்து பின்களைப் பிடுங்கினேன். படிவத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தையும் முதல் நாளே நிறுத்துங்கள்.

தரவைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவத் தரவு பெயர் இல்லாமல் வெளியானது. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி 20 டாலருக்குக் கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை வாங்கி இரண்டையும் பொருத்திப் பார்த்தார். அந்த ஊரில் வசித்த மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியையே கொண்டவர்கள் பட்டியலில் ஆறே பேர், அதில் ஆண்கள் மூவர், அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர்தான். ஆளுநரின் மருத்துவப் பதிவு கிடைத்துவிட்டது.

அதனால் பிறந்த தேதிக்குப் பதில் வயதுப் பிரிவு, தெருவுக்குப் பதில் மாவட்டம் என்று அகலப்படுத்துங்கள். மிக முதியவர்களைத் தனித்தனி வயதாகக் காட்டாதீர்கள்; அமெரிக்க விதிகளில் 89க்கு மேற்பட்டோர் எல்லாரும் "90 அல்லது அதற்கு மேல்" என்ற ஒரே பிரிவில் வருவார்கள். நாள் கணக்கு தேவைப்பட்டால், ஒருவருடைய எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு தள்ளிப் போடுங்கள், இடைவெளி மாறாது. எக்செலில் பெயர்ப் பத்தியை மறைத்து வைப்பது அழித்ததாகாது. இரண்டு சொடுக்கில் அது திரும்ப வந்துவிடும். எனக்கு அப்படி வந்த கோப்புகள் ஒன்றிரண்டல்ல.

பேட்டியிலிருந்து மேற்கோள் எடுக்கும்போது இன்னும் கவனம். பெயரை மாற்றிவிட்டு, "இரட்டைக் குழந்தைகளின் தாய், ஒரே பெண் ஓட்டுநர்" என்று எழுதினால் ஊரில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். அச்சுக்குப் போகுமுன், அவருடைய பக்கத்து வீட்டுக்காரராக உங்களை நினைத்துக்கொண்டு ஒருமுறை படியுங்கள்.

ஏதாவது கசிந்துவிட்டால் அன்றைக்கே தலைமை ஆய்வாளரிடம் சொல்லுங்கள். மறைத்த பிழைதான் பெரிதாகும். எந்த எண் யாருடையது என்ற அந்தப் பட்டியலை யார், எந்த மாதம் அழிப்பது என்பதையும் ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். அந்த நாள் வரும்போது ஒலிப்பதிவுக் கருவி, பழைய மடிக்கணினி, யாரோ "பத்திரத்துக்கு" எடுத்து வைத்த பென் டிரைவ் எல்லாவற்றையும் தேடிப் பாருங்கள்.