தொங்கும் மேல் இமைக்குச் சொட்டு மருந்து: முதல்முறை போடுகிறவர்களுக்கு

பேப்பர் படிக்கும்போது அம்மா புருவத்தை உயர்த்தி, தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்வார். கண்ணாடி பவர் மாறிவிட்டது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தோம். மேல் இமை இறங்கிவந்து பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த ஆக்ஸிமெட்டசோலின் என்ற சொட்டு மருந்தைத் தினமும் காலையில் அவருக்குப் போட்டுவிடுவது இப்போது என் வேலை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில்: இமை ஏன் இறங்கியது?

சொட்டு போடுவதைவிட இதுதான் முக்கியம். இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இமையைத் தூக்கும் லிவேட்டர் தசையின் நாண் தளர்ந்து போயிருக்கும். பல வருடம் கான்டாக்ட் லென்ஸ் போட்டவர்களுக்கும், கண் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும்கூட இது வரலாம். ஆனால் இமை திடீரென்று இறங்கினாலோ, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிந்தாலோ, பார்ப்பதெல்லாம் இரட்டையாகத் தெரிந்தாலோ, கடும் தலைவலி, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் சேர்ந்து வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பக்கவாதமாகவோ மூளை ரத்தக்குழாய் வீக்கமாகவோ இருக்கலாம். காலையில் சரியாக இருந்து மாலையில் இமை சோர்ந்து விழுந்தால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் இமையை மட்டும் தூக்கிவிட்டால் நோய் உள்ளே ஒளிந்துகொள்ளும்.

இமைத்தோல் மட்டும் தளர்ந்து மடிந்து தொங்குவது வேறு விஷயம். அதற்கு இந்த மருந்திடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. பிறவியிலேயே இமை இறங்கிய குழந்தைகளுக்கும் இது மருந்தல்ல. பார்வை வளராமல் போகும் ஆபத்து இருப்பதால் அவர்களைச் சீக்கிரமே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மருந்து என்ன செய்கிறது?

லிவேட்டருக்குப் பின்னால் ம்யுல்லர் என்ற மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. நாம் நினைத்து அசைக்க முடியாதது. பயத்தில் கண் அகல விரிகிறதே, அது இதன் வேலை. ஆக்ஸிமெட்டசோலின் 0.1 சதவீதச் சொட்டு இந்தத் தசையைச் சுருங்கவைத்து இமையை ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் உயர்த்துகிறது. கேட்பதற்குச் சொற்பம்தான். ஆனால் கண்மணியை மறைக்கும் இமையில் 1 மில்லிமீட்டர் என்பது பெரிய திறப்பு. பெரியவர்களுக்கு வந்த இமைத்தொய்வுக்காக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் இதை அனுமதித்தது.

இதே மருந்து மூக்கடைப்பு ஸ்ப்ரேயிலும் உண்டு. அதைக் கண்ணில் விடவே கூடாது. அது கண்ணுக்காகத் தயாரித்தது அல்ல.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை

ரத்த அழுத்தம், இதய நோய், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் குறுகிய கோண கிளாக்கோமா, குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோய், வாயும் கண்ணும் வறளும் ஷோகிரன் நோய். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம், குறிப்பாக ரத்த அழுத்த மாத்திரையும் மனச்சோர்வு மாத்திரையும். அம்மாவின் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போனேன். பெயர் நினைவில்லாமல் தடுமாற வேண்டியிருக்கவில்லை.

சொட்டு போடும் முறை

1. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றுங்கள். கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள்.

2. ஒரு தடவைக்கான சிறு குப்பியை எடுத்து மூடியைத் திருகிப் பிரியுங்கள். நுனி விரலிலும் படக்கூடாது, இமையிலும் படக்கூடாது.

3. தலையைச் சாய்த்துக் கீழ் இமையை மெல்ல இழுங்கள். ஒரு சிறு பை மாதிரி விரியும். மேலே பார்த்தபடி அதில் ஒரே ஒரு சொட்டு. மேல் இமைக்குத்தானே மருந்து என்று அதன்மேல் விட வேண்டாம். முதல் நாள் நான் அங்கேதான் விடப்போனேன். இரண்டாவது சொட்டு விட்டாலும் கன்னத்தில்தான் வழியும்.

4. கண்ணை இறுக்காமல் மூடி, மூக்கை ஒட்டிய கண்முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்கு வழியாக உடம்பில் இறங்குவது குறையும்.

5. தொய்வு உள்ள கண்ணுக்கு மட்டும், நாளுக்கு ஒரு தடவை. குப்பியில் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கள்.

6. வேறு கண் மருந்துக்கும் இதற்கும் 15 நிமிட இடைவெளி விடுங்கள். லென்ஸ் திரும்பப் போடவும் அதே 15 நிமிடம்.

போட்ட பிறகு

சிலருக்கு 5 முதல் 15 நிமிடத்திலேயே வித்தியாசம் தெரியும். மருத்துவ ஆய்வுகளில் 6 மணி நேரம் கழித்தும் பலன் இருந்தது. மறுநாள் காலை இமை பழையபடி இறங்கியிருக்கும், பயப்பட வேண்டாம். இந்த மருந்து தளர்ந்த நாணை இறுக்காது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை பற்றித்தான் பேச வேண்டும்.

லேசான எரிச்சல், சிவப்பு, வறட்சி, மங்கல், தலைவலி வரலாம். கண்ணில் கடும் வலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

முதல் வாரம் தினமும் சொட்டுக்கு முன்னால் ஒரு படம், 2 மணி நேரம் கழித்து ஒரு படம், ஒரே வெளிச்சத்தில், புருவத்தை உயர்த்தாமல் எடுத்து வையுங்கள். மருந்தைத் தொடரலாமா என்று டாக்டர் முடிவுசெய்ய அந்தப் படங்கள் உதவும்.