தொடக்க இருப்பு இல்லாத ஐந்தொகை: பள்ளித் திட்டங்களை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஊர்ப் பள்ளிக்குக் கொடுப்பது புதிதல்ல. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வரும். வகுப்பறை புதுப்பிக்கப்படும், கணினி வரும், கல்வெட்டும் வந்துவிடும். ஓராண்டு கழித்து, "பிள்ளைகளுக்கு என்ன வந்தது?" என்று கேட்டால் திறப்பு விழாப் படங்களை நீட்டுவார்கள். திட்டம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது கண்காணிப்பு. அதனால் பிள்ளைகள் கற்றார்களா என்று அளப்பது மதிப்பீடு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதன் பெயரில் அறிக்கை எழுதுகிறார்கள்.

ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் ஆண்டுக் கணக்கு, போட்டுப் பழகிய ஊர் இது. தொடக்க இருப்பு எழுதாத கணக்கை இங்கே எந்தக் கடையிலும் ஏற்கமாட்டார்கள். பள்ளித் திட்டத்தில் மட்டும் மார்ச்சில் ஒரு தேர்வு வைத்து, "எழுபது பேர் வாசிக்கிறார்கள்" என்று முடித்துவிடுகிறோம். ஜூனில் எத்தனை பேர் வாசித்தார்கள்? திட்டம் தொடங்கும் முன்பே அதே பிள்ளைகளை அதே கருவியால் அளந்திருக்க வேண்டும்.

அளந்திருந்தாலும், வளர்ச்சி முழுவதையும் நம் திட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. பிள்ளைகளுக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. அதே வகுப்பில் 2022 முதல், அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. காலை உணவும் கிடைக்கிறது. திட்டம் இல்லாத, மற்றபடி ஒத்த பள்ளி ஒன்றையும் சேர்த்து அளந்தால்தான் வேறுபாடு தெரியும். காரைக்குடி பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள பள்ளியைக் கல்லல் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியோடு ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல.

வாசிப்பைச் சோதிக்கும் விதத்திலும் ஏமாறுகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பாடநூலைக் கொடுத்தால் கடகடவென்று சொல்லிவிடும். விரலைக் கவனியுங்கள்: வாய் நான்காம் வரியில் இருக்கும், விரல் இரண்டாம் வரியில் நிற்கும். அது மனப்பாடம். முன்பு பார்த்திராத நான்கு வரிகளைக் கொடுத்து, தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்பவர் அந்த வகுப்பின் ஆசிரியராக இருக்கக் கூடாது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் ஏசர் (ASER) என்ற கற்றல்நிலை ஆய்வில் பிள்ளைகளை ஒவ்வொருவராக, அதுவும் வீட்டுக்கே போய், வாசிக்கச் சொல்கிறார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

பள்ளியில் அளப்பவர்கள் தவறவிடுவது அந்தப் பிள்ளையைத்தான். அன்று வந்தவர்களை மட்டும் சோதித்தால், அடிக்கடி விடுப்பெடுப்பவர்கள், அதாவது பெரும்பாலும் பின்தங்கியவர்கள், விடுபட்டுப் போவார்கள். முடிவு தானாக அழகாகிவிடும். வராதவர்களுக்கென இன்னொரு நாள் ஒதுக்குங்கள். தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை கிளம்பும் வாரத்தில் வருகைப்பதிவை எடுத்து ஆண்டு முழுமைக்கும் பொருத்துவதும் வேண்டாம்.

சராசரியை மட்டும் நம்பாதீர்கள். முன்வரிசைப் பிள்ளைகள் ஏறினாலே அது ஏறிவிடும். 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளைப் பிரிக்கும் மூன்று கற்றல் நிலைகளில், அரும்பு நிலையிலிருந்து மொட்டுக்கும், மொட்டிலிருந்து மலருக்கும் எத்தனை பேர் நகர்ந்தார்கள் என்று எண்ணுங்கள்.

முடிவு நன்கொடையாளருக்கு மட்டும் போய்ச் சேர்வதும் தவறுதான். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். அவர்களின் கூட்டத்தில், எந்த நிலையில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரே தாளில் காட்டுங்கள். பெயர்கள் வேண்டாம். பெயரைச் சுவரில் ஒட்டிவிட்டால், அடுத்த சோதனை நாளன்று அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும்.