பழைய இங்கிலீஷ் வார்த்தை கண்ணுல பட்டா எப்படி பிரிச்சு மேயுறது

வீட்டுப் பரண்ல தாத்தா காலத்து பத்திரக்கட்டு கிடக்கும், இங்கிலீஷ்ல டைப் அடிச்சது, முதல் வரியே புரியாது. இல்லைன்னா காலேஜ்ல ஷேக்ஸ்பியர் பேப்பர் இருக்கும், இல்ல வெள்ளைக்காரன் காலத்துல நம்ம மதுரைய பத்தி எழுதுன ஏதாவது ரிப்போர்ட்ட நெட்ல எடுத்து வச்சிருப்பீங்க. மூணுலயும் பிரச்சனை ஒண்ணுதான், வார்த்தை பழசு. இதுக்குன்னு ஐநூறு வார்த்தைய லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க, ஒரு வாரத்துல மறந்துரும். நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச தமிழ்ல மாட்டி வச்சா அப்படியே நின்னுக்கும், அதுலயும் மதுரைப் பேச்சுக்கு அம்சமா ஒட்டுது.

முதல்ல ஹியர், தேர், வேர் மூணையும் பிடிங்க. ஹியர்னா இ, தேர்னா அ, வேர்னா எ. அவ்வளவுதான் சூத்திரம். ஹியராஃப் இதோட, தேராஃப் அதோட, வேராஃப் எதோட. ஹியர்அண்டர்னா இதுக்குக் கீழ. தேர்-டூன்னா அதுக்கு. தேர்ஃபோர் அதுக்காக, அப்ப வேர்ஃபோர்? எதுக்காக. பாதிப் பேர் இத "எங்க"ன்னு நெனச்சுக்கிறாங்க, காதலன் எங்க இருக்கான்னு ஜூலியட் தேடுறதா டிராமாவுல நடிச்சே காட்டுறாங்க, ஆனா அவ கேக்குறது நீ எதுக்கு ரோமியோவா இருக்கன்னுதான், அந்தப் பேரும் குடும்பமும்தான அவளுக்கு இடைஞ்சல். இதே வரிசையில ஹிதர், திதர், விதர்னு ஒண்ணு வரும், அதுக்கு நம்மூர்ல அச்சு அசலா வார்த்தை இருக்கு: இங்கிட்டு, அங்கிட்டு, எங்கிட்டு. அங்கிட்டும் இங்கிட்டும் அலையுறான்னு சொல்றோம்ல, அதத்தான் அவங்க ஹிதர் அண்ட் திதர்ன்னாங்க. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்னா இங்கயிருந்து, அங்கயிருந்து, எங்கயிருந்து. இன்னைக்கு ஹென்ஸ்னா "ஆகவே"ன்னு மட்டும் நெனைக்கிறோம், பழைய லெட்டர்ல டூ டேஸ் ஹென்ஸ்னு வந்தா இன்னும் ரெண்டு நாள்லன்னு எடுத்துக்கணும்.

அடுத்து தௌ, தீ, தை. நீ, ஒன்னைய, ஒன்னோட. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், கொஞ்சம் நின்னு சொல்றேன். பைபிள்லயும் ஜெபத்துலயும் வர்றதால தௌன்னா ஏதோ பெரிய மரியாதைன்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, நெசம் தலைகீழ். தௌ தான் நீ, யூ தான் நீங்க. கடவுள தௌன்னு கூப்பிட்டது உரிமையில, "ஆத்தா மீனாச்சி, நீதான் காப்பாத்தணும்"னு நாம சொல்றோம்ல அந்த உரிமை. அப்புறம் நாளாக நாளாக எல்லாரையும் நீங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சு தௌங்குற சொல்லே பொதுப்பேச்சுல இருந்து போயிருச்சு, வட இங்கிலாந்து மாதிரி சில பக்கத்து ஊர்ப் பேச்சுல ஒட்டிட்டு இருந்துச்சு. இது தெரிஞ்சுட்டு ஷேக்ஸ்பியர் நாடகத்த படிங்க, ஒருத்தர் யூன்னு பேசிட்டு இருந்து திடீர்னு தௌக்கு மாறுனா அந்த எடத்துல பென்சில்ல ஒரு கோடு போடுங்க. ஒண்ணு பாசம் பொங்குது, இல்ல கோவத்துல மரியாதை போகுது. எதுன்னு சீன பாத்தாலே தெரியும். பரீட்சைக்கு நோட்ஸ்ல இருக்கிறத விட இது அதிகமா சொல்லிக் குடுக்கும்.

வினைச்சொல்லுக்கு வால் இருந்த காலம் அது, நம்ம தமிழ் மாதிரியே. நீன்னா எஸ்ட் வால், அவன் அவள் அதுன்னா எத் வால். நோவெஸ்ட்னா நீ அறிவ, நோவெத்னா அவன் அறிவான். ஹாத், டத் ரெண்டும் ஹேஸ், டஸ் தான். பத்திரத்துல பெரிய எழுத்துல விட்னெசெத்னு நடுவுல வரும், அதுவும் இதே வால்தான், "இந்தப் பத்திரம் சாட்சி சொல்லுது"ன்னு அர்த்தம்.

பத்திரம்னு வந்துட்டதால அதையும் பாத்துருவோம். நம்ம தமிழ்க் கிரயப் பத்திரத்த பக்கத்துல வச்சுக்கிட்டு படிங்க, பாதி வேலை முடிஞ்சுது. அஃபோர்செட்னா மேற்படி. சும்மா செட்னு போட்டிருந்தாலும் மேற்படிதான். "புத்திர பௌத்திர பாரம்பரியமாக"ன்னு நம்ம ஆளு எழுதுற எடத்துல வெள்ளைக்காரன் ஏர்ஸ் அண்ட் அசைன்ஸ்னு எழுதுவான், இதுல ஏர்ஸ்னா வாரிசு, அசைன்ஸ்னா நீங்க யாருக்கு மாத்திக் குடுக்குறீங்களோ அவங்க. மெஸ்விஜ்னா வீடும் அத ஒட்டுன கட்டடம் நிலமும். அப்பர்டெனன்சஸ்னா அதோட சேந்து வர்ற பாத்தியதை, நடைபாதை தண்ணிப் பாதை வகையறா. இன்டென்ச்சர்ங்கிறதுக்குள்ள பல்லு இருக்கு, ஒரே தோல்ல ரெண்டு தடவ எழுதி நடுவுல பல்லு பல்லா வெட்டி ஆளுக்கு ஒரு பாதி எடுத்துக்குவாங்க, பின்னாடி தகராறுன்னா ரெண்டையும் சேத்து வச்சுப் பாப்பாங்க, பல்லு பொருந்தலன்னா ஒண்ணு போலி.

பழைய கடுதாசில தேதிக்குப் பக்கத்துல இன்ஸ்ட், அல்ட், ப்ராக்ஸ்னு சுருக்கி இருக்கும். இன்ஸ்ட்டுன்னா நாளது மாசம், அல்ட்டுன்னா போன மாசம், ப்ராக்ஸ்னா வர்ற மாசம். இது தெரியாம தேதிய ஒரு மாசம் தள்ளி வச்சுட்டா கேஸ் கட்டுல எல்லாமே குழம்பிரும், அதனால லெட்டர் எழுதுன தேதிய முதல்ல பாத்துட்டு அப்புறம் கணக்குப் போடுங்க.

உண்மையில ஏமாத்துறது தெரியாத வார்த்தை இல்ல, தெரிஞ்ச மாதிரி இருக்கிற வார்த்தை. தெரியாதத டிக்‌ஷனரில பாத்துருவோம், தெரிஞ்சத பாக்க மாட்டோம்ல. குத்தகைப் பத்திரத்துல டிமைஸ்னு வந்தா யாரும் சாகல, குத்தகைக்கு விடுறாங்க. பவர் பத்திரம் நோ ஆல் மென் பை தீஸ் ப்ரெசன்ட்ஸ்னு ஆரம்பிக்கும், பரிசுப் பொருள் எல்லாம் இல்ல, ப்ரெசன்ட்ஸ்னா இந்தப் பத்திரமேதான். உங்க பாஸ்போர்ட்ட இப்பவே எடுத்து ஜனாதிபதி பேர்ல இருக்கிற அந்தப் பத்திய படிங்க, வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்னு இருக்கும். லெட்னா விடு தான? அங்க நேர் எதிர், லெட்னா தடை. டென்னிஸ்ல பந்து நெட்ல ஒரசி விழுந்தா லெட்டுன்னு சொல்றதும் இந்த அர்த்தத்துக்குத்தான் பொருந்தி வருது. சஃபர்னா பைபிள்ல பல எடத்துல கஷ்டப்படு இல்ல, அனுமதி குடு. நைஸ்னா ஒரு காலத்துல முட்டாள், சில்லின்னா புண்ணியவான், ரெண்டும் எடம் மாறிக்கிட்ட மாதிரி ஆயிருச்சு. இங்கிலாந்துல எழுதுன பழைய புஸ்தகத்துல கார்ன்னா மக்காச்சோளம்னு முடிவு பண்ணிறாதீங்க, பொதுவா தானியம், பெரும்பாலும் கோதுமை. ஒரு வரி தெரிஞ்ச வார்த்தையாவே இருந்தும் அர்த்தம் ஒட்டலன்னா அங்கதான் பொறி இருக்குன்னு வச்சுக்கங்க.

நம்ம ஊர பத்துன வெள்ளைக்காரன் ரிப்போர்ட் தனி ரகம். 1868-ல நெல்சன் எழுதுன மதுரை மேனுவல், 1906-ல ஃப்ரான்சிஸ் எழுதுன கெஜட்டியர் மாதிரி ஆவணங்கள்ல சாதாரண டிக்‌ஷனரிய வச்சுக்கிட்டு உக்காந்தா பிரயோஜனம் இல்ல, ஏன்னா முக்கால்வாசி நம்ம வார்த்தைதான் வேஷம் போட்டு வந்திருக்கு. வாய்விட்டு சத்தமா படிங்க, கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். டோப் தோப்பு, பாலிகர் பாளையக்காரர், செரூட் சுருட்டு, அனிகட் அணைக்கட்டு, கட்சேரி கச்சேரி, அதாவது பாட்டுக் கச்சேரி இல்ல, ஆபீஸ். ஷாண்டின்னு தேடுனா பீர்ல லெமனேட் கலக்குறத காட்டும், நம்ம பக்கத்து ரிப்போர்ட்ல அது சந்தை. டேங்க்னா கண்மாய். சௌல்ட்ரின்னா சத்திரம், ஆனா மண்டபத்தையும் அப்படித்தான் எழுதுனாங்க, புதுமண்டபத்த திருமலை நாயக்கர் சௌல்ட்ரின்னு போட்டிருப்பாங்க, சத்திரத்த தேடி அலையாதீங்க. இந்த மாதிரி வார்த்தைக்குன்னே 1886-ல வந்த ஹாப்சன் ஜாப்சன்னு ஒரு அகராதி இருக்கு, நெட்ல இலவசம்.

இன்னும் பழைய அச்சுப் புஸ்தகம், 1800-க்கு முன்னாடி உள்ளதுன்னா எழுத்தே ஏமாத்தும். எஸ் போட வேண்டிய எடத்துல எஃப் மாதிரி ஒண்ணு நிக்கும், உத்துப் பாத்தா குறுக்குக் கோடு இருக்காது, இருந்தாலும் இடது பக்கம் மட்டும் துளி. அது எஸ் தான். கடைப் பலகையில யீ ஓல்டேன்னு பாத்திருப்பீங்க, அந்த ஒய்யும் ஒய் இல்ல, தோர்ன்-ங்குற ஒரு பழைய எழுத்துக்கு அச்சு இல்லாம ஒய்ய வச்சு ஓட்டுனது, படிக்கும்போது தி-ன்னுதான் படிக்கணும்.

டிக்‌ஷனரி பாக்கும்போது அர்த்தத்துக்கு முன்னாடி சாய்வெழுத்துல இருக்கிற குறிப்ப விட்டுறாதீங்க. ஆர்க்கேயிக்னா இப்ப பழக்கத்துல இல்ல, பழைய வாடைக்காக மட்டும் எழுதுவாங்க. அப்சலீட்னா அடியோட போயிருச்சு. டேட்டட்னா பெரும்பாலும் வயசானவங்க பேசுறது. ஆக்ஸ்ஃபோர்டோட பெரிய அகராதில ஒவ்வொரு அர்த்தமும் எந்த வருசம் எழுத்துல வந்துச்சுன்னு எடுத்துக்காட்டோட இருக்கும், 1884-ல முதல் பகுதி வந்து 1928-ல தான் முடிஞ்ச வேலை அது. நீங்க படிக்கிற ஆவணத்தோட வருசத்த அதோட ஒப்பிட்டு, அந்தக் காலத்துல எந்த அர்த்தம் ஓடிட்டு இருந்துச்சோ அதையே எடுங்க. நத்தம் ரோட்டுல 2023-ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல போயி நிதானமா உக்காந்து பாக்கலாம். சொத்து விஷயமா இருந்தா மட்டும் நீங்க புரிஞ்சுக்கிட்டத தனித்தாள்ல எழுதி எடுத்துட்டுப் போயி வக்கீல்ட்ட ஒருக்கா காட்டிருங்க.