கேமரா ட்ரோன் வாங்கும் முன் சர்வீஸை விசாரிப்பது எப்படி?

ஏற்காட்டில் நண்பர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தேன். வாங்கி 41 நாளே ஆன என் முதல் ட்ரோனின் படத்தில் திடீரென்று மலை ஒரு பக்கமாகச் சரிந்தது. இறக்கிப் பார்த்தால், கேமராவைத் தாங்கும் ஜிம்பல் துடித்துக்கொண்டிருந்தது. ஜிம்பல் மோட்டாரில் சுமை அதிகம் என்று ஆப் எச்சரித்தது. எங்கும் மோதவில்லை, கீழே விழவில்லை. வாரன்டிதான் இருக்கிறதே என்று தைரியமாகத்தான் மலை இறங்கினேன். அந்த ட்ரோன் என் கைக்குத் திரும்பி வர நான்கு மாதம் ஆனது. வந்தபோதும் சரியாகியிருக்கவில்லை.

இரண்டாவது ட்ரோன் வாங்க ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். அதில் கேமராவைப் பற்றி யோசித்தது இரண்டு நாள்தான். கெட்டுப்போனால் யார் சரிசெய்வார்கள், எத்தனை நாளில், யார் செலவில் என்று விசாரிப்பதிலேயே மற்ற நாளெல்லாம் போனது. முதல் தடவை வாங்குகிறவர்களுக்காக அந்த விசாரிப்பை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: எந்த இடத்தில் பறக்கப்போகிறது?

சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 278 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு, அதனால் இறக்கைகள் அதிக வேகத்தில் சுழல வேண்டியிருக்கும். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தாலும் நான் மலையில் 20 நிமிடத்தில் இறக்கிவிடுவேன். கையடக்க ட்ரோன்கள் பலவற்றில் தாங்கும் காற்று வேகம் நொடிக்கு 10.7 மீட்டர் என்று எழுதியிருக்கும். மணிக்கு 38 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகோடா பாயிண்ட் மாதிரி மலை விளிம்புகளில் பள்ளத்திலிருந்து மேலே அடிக்கும் காற்று சட்டென்று அதைத் தாண்டிவிடும். மூடுபனிக்குள் விட்டு ஈரம் ஏறினால் அதைப் பெரும்பாலும் எந்த வாரன்டியும் ஏற்காது. ஆகவே, விற்பவரிடம் 'நல்ல ட்ரோனா?' என்று கேட்காமல், 'ஏற்காட்டில் பறக்கவிட்டுப் பழுதாகி உங்களிடம் வந்தது எத்தனை, என்ன பழுது?' என்று கேளுங்கள். நிறைய விற்றவருக்குப் பதில் தெரிந்திருக்கும்.

சட்டம் பற்றி இரண்டே வரி. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதற்கு ரிமோட் பைலட் சான்று வேண்டாம். 250 கிராமிலிருந்து 2 கிலோ வரை மைக்ரோ வகை. மைக்ரோவில் கல்யாண வீடியோ போலக் காசு வாங்கிக்கொண்டு எடுத்தால் சான்று வேண்டும். சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது, எனவே அந்தப் பகுதிக்காரர்கள் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிட வேண்டாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்புக்காடுகளும் உண்டு, அங்கே வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதுதான் சரி.

படி 2: வாரன்டி யாருடையது?

முழுதாகத் தயாரான வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு தடை விதித்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஆனாலும் வெளிநாட்டு மாடல்கள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கத்தான் செய்கின்றன. அப்படி ஒன்றைக் காட்டி 'ஒரு வருஷ வாரன்டி' என்று சொன்னால், அது தயாரித்த கம்பெனி கொடுப்பதா, கடைக்காரர் தன் பொறுப்பில் கொடுப்பதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கடை வாரன்டி என்றால் கடை இருக்கும் வரைதான் வாரன்டி.

என் முதல் ட்ரோனில் நடந்தது இதுதான். "தம்பி, கம்பெனிக்கு அனுப்பிடலாம், பத்து நாள்ல வந்துடும்" என்று கடைக்காரர் சொன்னார். அந்தச் சீரியல் நம்பர் வேறு நாட்டில் விற்க அனுப்பப்பட்டது, இங்கே இலவச சர்வீஸ் கிடையாது என்று கம்பெனி பதில் அனுப்பியது. இருவருக்கும் நடுவில் என் பெட்டி சும்மா கிடந்தது.

அதனால், பணம் கொடுக்கும் முன் பெட்டியின் மேலுள்ள சீரியல் நம்பரைப் படம் எடுத்து, தயாரிப்பாளருக்கு மெயில் அனுப்பி, 'இந்த எண்ணுக்கு இந்தியாவில் வாரன்டி உண்டா?' என்று கேளுங்கள். படம் எடுக்கவே விடாத கடையில் வாங்க வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். பில் இல்லாமல் நாலாயிரம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோன்களுக்கு ஒரே சீராக 5 சதவீத ஜிஎஸ்டிதான், பில் போட்டால் வரி ஏறிவிடும் என்ற பேச்சுக்கு இப்போது இடமும் இல்லை.

படி 3: வாங்கும் முன்னே சர்வீஸ் சென்டருக்குக் கடிதம்

நான்கு மாடல்களைப் பட்டியலிட்டேன். நான்கு கம்பெனிகளுக்கும் ஒரே நாளில் ஒரே மெயிலை அனுப்பினேன். கேள்விகள் இவை:

பழுதானால் பெட்டியை எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்? போக வர கொரியர் செலவு யாருடையது? வாரன்டி இல்லாவிட்டால் பரிசோதனைக் கட்டணம் உண்டா? ஜிம்பல் கையிருப்பில் இருக்கிறதா, வரவழைக்க வேண்டுமா? வழக்கமாக எத்தனை வேலை நாள்? பழுதைப் பயனர்தான் உண்டாக்கினார் என்று முடிவு செய்தால் அதற்குப் படமும் விளக்கமும் தருவீர்களா?

கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் முதல் ட்ரோன் 'பயனர் பாதிப்பு' என்ற இரண்டே சொல்லுடன் திரும்பி வந்தது. என்ன பாதிப்பு, எந்த இடத்தில் என்று கேட்டு ஐந்து மெயில் போட்டேன். ஒரு படம்கூட வரவில்லை.

நான்கில் ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் விலைப்பட்டியலை அனுப்பி 'எப்போது வாங்குகிறீர்கள்?' என்றார். மூன்றாமவர் மறுநாளே எல்லாவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதினார். நான்காமவர் ஆறு நாள் கழித்து எழுதினார், ஆனால் ஜிம்பல் கையிருப்பில் இல்லை, ஐந்து வாரம் ஆகும் என்பதை மறைக்காமல் சொன்னார். நான் வாங்கியது மூன்றாமவரிடம். அவர் இல்லாவிட்டால் நான்காமவரிடம் போயிருப்பேன். தாமதமானாலும் உண்மை சொல்கிறவரோடு காலம் தள்ளலாம்.

போனில் பேசுவதைவிட மெயில்தான் எனக்குப் பிடிக்கும். எழுத்தில் இருந்தால் பின்னால் காட்டலாம். வாட்ஸ்ஆப்பில் பேசினாலும் முக்கியமான பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

படி 4: பெட்டி எப்படிப் போகும்? (நான் மாட்டிக்கொண்ட இடம்)

பழுதான ட்ரோனைக் கட்டி எடுத்துக்கொண்டு ஐந்து ரோடு பக்கம் ஒரு கொரியர் அலுவலகத்துக்குப் போனேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். லித்தியம் பேட்டரி விமானத்தில் போகாது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, விமானச் சரக்கில் அதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பேட்டரியை எடுத்துவிட்டு ட்ரோனை மட்டும் அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்து எட்டு நாள் கழித்து, பேட்டரி இல்லாமல் சோதிக்க முடியாது, அனுப்புங்கள் என்று செய்தி வந்தது. அதைத் தரைவழியில் அனுப்ப ஆள் தேடி, போய்ச் சேர்ந்து, வரிசையில் மறுபடி கடைசியில் நின்று, மொத்தம் மூன்று வாரம் வீணானது. அப்புறம் பறப்புப் பதிவு கேட்டார்கள். ட்ரோன் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் இருந்தது என்றெல்லாம் ஆப் போனிலேயே குறித்து வைத்திருக்கும். மோதவில்லை என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். இடையில் நான் போனை மாற்றியிருந்தேன், பழையதை அழித்துக் கொடுத்தும் விட்டேன்.

இப்போது நான் செய்வது: பேட்டரியும் சேர்த்து அனுப்ப வேண்டுமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வேன். வேண்டும் என்றால் தரைவழிப் பார்சலில்தான் பதிவு செய்வேன், சேலத்தில் லாரி பார்சல் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. பேட்டரி பாதி சார்ஜில் இருக்கும். உப்பிப்போன பேட்டரியை எக்காரணம் கொண்டும் பார்சலில் வைக்க மாட்டேன். கட்டும்போது வீடியோ, சீரியல் நம்பர் தெரியும்படி. பறப்புப் பதிவை மாதம் ஒருமுறை கணினிக்கு நகல் எடுத்துவிடுவேன்.

படி 5: வாரன்டி அட்டையைப் பாகம் பாகமாகப் படியுங்கள்

ஒரு வருடம் என்று அட்டையில் பெரிதாக இருக்கும். கீழே சின்ன எழுத்தில் பேட்டரிக்குக் குறைந்த மாதமும், இத்தனை முறைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்ற வரம்பும் இருக்கும். இறக்கைக்கு வாரன்டியே இருக்காது. ஜிம்பலுக்கு எத்தனை மாதம் என்று தனியாகத் தேடுங்கள், சின்ன ட்ரோன்களில் முதலில் படுக்கிற பாகங்களில் அதுவும் ஒன்று.

கூடவே ஒரு பேட்டரி, ஒரு செட் இறக்கை, ஜிம்பலோடு கேமரா மூன்றின் விலையையும் கூட்டுங்கள். அது ட்ரோன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் அந்த மாடலை விட்டுவிடுவேன். உதிரி பாகத்தின் விலையையே சொல்ல மறுத்தால் யோசிக்கவே வேண்டாம்.

படி 6: கம்பெனி நீடிக்குமா?

பெரிய பெயர் என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. கோப்ரோவின் கார்மா ட்ரோன் 2016 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. பறக்கும்போதே மின்சாரம் அறுந்து விழுந்ததால் அடுத்த மாதமே எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். பேட்டரியைப் பிடிக்கும் கொக்கிதான் காரணம். 2018 ஜனவரியில் ட்ரோன் தொழிலையே விட்டு விலகினார்கள். 2020 ஜனவரியில் ஜிபிஎஸ் தேதிக் கணக்கு மாற்றத்தால் உலகம் முழுக்கக் கார்மாக்கள் கிளம்பவே மறுத்தன, சரிசெய்யும் மென்பொருள் வர வாரக்கணக்கில் ஆனது. லிலி என்ற நிறுவனம் முன்பதிவாகவே சுமார் 3.4 கோடி டாலர் வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்கு ட்ரோன் அனுப்பாமலேயே 2017-இல் மூடியது. முன்பதிவுக்குப் பணம் கட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பார்க்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. அதே கம்பெனியின் மூன்று வருடப் பழைய மாடலுக்கு இன்றும் பேட்டரி விற்கிறார்களா, கடைசி மென்பொருள் புதுப்பிப்பு எப்போது வந்தது என்று பாருங்கள். இந்த ஒன்றுக்கு நான் விமர்சன வீடியோக்களைவிட அதிக மதிப்புக் கொடுப்பேன். அந்த வீடியோக்களில் பல, பெட்டி பிரித்த வாரத்திலேயே எடுக்கப்பட்டவை.

படி 7: திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் சோதனை

ஏற்காட்டுக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் ஊருக்குள் திறந்த மைதானம் ஒன்றில் விடிகாலையில், காற்றில்லாதபோது, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். நகர்ந்துகொண்டே போனால் குறித்துக்கொள்ளுங்கள். ஜிம்பலை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தொடுவானம் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். கிளம்பிய இடத்துக்கே தானாகத் திரும்பி வருகிறதா என்று மூன்று முறை சோதியுங்கள். எல்லா பேட்டரியையும் ஒருமுறை 30 சதவீதம் வரை இறக்குங்கள். ஜிம்பல் உறையைக் கழற்றாமல் மட்டும் ஸ்விட்ச் போட வேண்டாம்.

கஞ்சமலைப் பக்கம் இந்தச் சோதனை வேண்டாம். அது மேக்னடைட் இரும்புத்தாது உள்ள மலை, திசைகாட்டி எச்சரிக்கை வந்தால் ட்ரோனின் குறையா மலையின் குறையா என்று பிரித்தறிய முடியாது.

மலைக்குப் போனபின், ட்ரோன் தானாகத் திரும்பி வரும்போது பறக்க நீங்கள் குறித்துவைக்கும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்துதான் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் 30 மீட்டர்கூட வளரும், சரிவில் மேலே நிற்கும் மரம் இன்னும் உயரத்தில் இருக்கும்.

படி 8: கைவிரித்தால்

முதலில் கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார். பிறகு 1915, இது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. ரூ. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் 1915 வரை போனேன், கடைக்காரர் பாதித் தொகையைத் திருப்பிக் கொடுத்தார். பில்லில் சீரியல் நம்பர் இருந்திருந்தால் முழுத் தொகையையும் கேட்டிருப்பேன்.

பின்சேர்க்கை

இதைப் படித்த ஆத்தூர் வாசகர் ஒருவர், இணையத்தில் வாங்கினால் ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்டார். பொருள் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் 'மாற்று மட்டும்' என்றுதான் இருக்கும். அதே மாடலில் அதே குறையோடு இன்னொன்று வந்தால் பணம் திரும்ப வராது.

இன்னொருவர் பழைய ட்ரோன் வாங்கி மாட்டிக்கொண்டார். முந்தைய உரிமையாளரின் கணக்கோடு அது பிணைந்திருந்ததால் இவர் போனில் சேரவில்லை. விற்றவர் போனை எடுப்பதில்லை. பழையது வாங்குவதானால், விற்பவர் உங்கள் எதிரிலேயே தன் கணக்கிலிருந்து அதை விடுவித்து, உங்கள் போனில் இணைத்து, ஒருமுறை மேலே ஏற்றி இறக்கிக் காட்டிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.