மாடல் டி மரப்பெட்டிக் காயில்: திறந்து சரிசெய்யும் முறை

ஃபோர்டு மாடல் டி காரில் ஒரு சிலிண்டருக்கு ஒரு காயில், அதாவது பிளக்குக்குப் பொறி தரும் கம்பிச் சுருள். மொத்தம் நான்கு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றின் தலையிலும் துடிக்கும் ஒரு ஜோடி பாயின்ட், அதாவது தொட்டுத் தொட்டுப் பிரியும் மின்முனைகள். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் தயாரான கார் என்பதால் பழைய காயில்கள் இன்னமும் கைமாறிக்கொண்டேதான் இருக்கின்றன. விற்பவர் பேட்டரியில் தொட்டுக் காட்டுவார். 'பஸ்' என்று சத்தம் வரும், பொறியும் பறக்கும். "பாருங்க, நல்ல காயில்" என்பார். அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். சத்தம் போடுகிற காயில் எல்லாம் நல்ல காயில் அல்ல.

காரணம் இதுதான். எந்தச் சிலிண்டருக்கு எப்போது பொறி என்று தீர்மானிக்கும் சுழல் சுவிட்ச்தான் டைமர். அது ஒரு காயிலின் சுற்றை மூடியதும் பிரைமரியில், அதாவது தடித்த கம்பிச் சுற்றில், மின்னோட்டம் ஏறத் தொடங்கும். போதுமான அளவு ஏறிய பிறகுதான் இரும்புக் கரு, கீழ் பாயின்டைத் தாங்கும் வைப்ரேட்டர் தகட்டைக் கீழே இழுக்கும். பாயின்ட் பிரியும், பொறி வரும். இதற்குப் பிடிக்கும் நேரம் நான்கு காயிலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிலிண்டருக்குச் சிலிண்டர் டைமிங் மாறிவிடும். கார்புரேட்டரை எவ்வளவு திருகினாலும் அந்த எஞ்சின் உதறுவது நிற்காது. அதனால் நான் ஒற்றைக் காயிலாகப் பழுது பார்ப்பதில்லை, நான்கையும் சேர்த்தே எடுத்துக்கொள்வேன்.

பெட்டியைத் திறக்கும் முன் மல்டிமீட்டரில் செகண்டரியை, அதாவது பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் மெல்லிய கம்பிச் சுற்றைப் பாருங்கள். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பித்தளைப் பொட்டுகளுக்கு இடையே சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அதில் நேரத்தைச் செலவழிக்காமல் மரத்தையும் பாயின்டையும் மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். பிரைமரிக்கு அடிப்பக்கப் பொட்டிலிருந்து டைமருக்குப் போகும் பொட்டு வரை பார்க்க வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது ஒரு ஓமுக்கும் குறைவாகவே காட்டும். அதிகம் காட்டினால் பெரும்பாலும் பாயின்டில் அழுக்கு.

அடுத்து பாயின்டுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சர் (மின்தேக்கி). இதில் எனக்குச் சமரசமே கிடையாது, பழையது எதுவாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அது காகிதமும் உலோகத் தாளும் சுருட்டி மெழுகில் தோய்த்தது, இத்தனை காலத்தில் ஈரம் குடித்திருக்கும். மீட்டரில் அளந்து பார்த்து "நன்றாகத்தானே காட்டுகிறது" என்று விட்டுவிடாதீர்கள். கசியும் கண்டென்சர் சில மீட்டர்களில் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். மீட்டரின் சில வோல்ட்டில் அது சாதுவாக இருக்கும், வேலை செய்யும்போது வரும் சில நூறு வோல்ட்டில்தான் குணத்தைக் காட்டும்.

பெட்டியின் ஒரு பக்கப் பலகை காடியில் சறுக்கி வரும். அதை நீக்கினால் உள்ளே முழுக்கத் தார். தீ ஜுவாலையைக் காட்டி உருக்கவே கூடாது, செகண்டரியின் மயிரிழைக் கம்பி அதற்குள்தான் புதைந்திருக்கிறது. பெட்டியைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் தார் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். சிறிய உளியால் கண்டென்சர் இருக்கும் பக்கம் மட்டும் கொத்தி எடுங்கள். கண்டென்சருக்கும் சுருளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தகடு இருக்கும், அதை உடைக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். வயர்களை வெட்டும் முன் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

புதிதாகப் போட வேண்டியது 0.47 மைக்ரோஃபாரட், குறைந்தது 400 வோல்ட், பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் வகை. 600 வோல்ட் கிடைத்தால் இன்னும் நிம்மதி. வேகமான மின்துடிப்பைத் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பாயின்டின் இரு பக்கத்துக்கும் குறுக்கே வருமாறு சால்டர் செய்து, ஆடாதபடி தாரோ மெழுகோ ஊற்றி மூடுங்கள். மரம் ஈரமாக இருந்தால் அதன் வழியாகவும் மின்சாரம் கசியும். மூடும் முன் சில நாள் வெதுவெதுப்பான, காற்றோட்டமான இடத்தில் காய வையுங்கள்.

பாயின்ட் வேலைக்குப் பொறுமை வேண்டும். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள், மேலும் கீழும் ஜோடியாகவே மாற்றுங்கள். லேசான கருப்பு என்றால் மெல்லிய டைமண்ட் அரம் போதும். உப்புத்தாள் வேண்டாம், அதன் துகள் பாயின்டிலேயே பதிந்துவிடும். இரண்டு முகங்களும் தட்டையாக, முழுப் பரப்பும் பொருந்தி உட்கார வேண்டும். வைப்ரேட்டரைக் கருவோடு அழுத்திப் பிடித்தால் இடைவெளி 1/32 அங்குலம், அதாவது சுமார் 0.8 மில்லிமீட்டர். மேல் பாயின்டைத் தாங்கும் குஷன் ஸ்பிரிங்குக்கும் அதைத் தடுக்கும் ரிவெட்டுக்கும் இடையே 0.005 அங்குலம். ஃபீலர் கேஜ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

இந்த 0.005 அங்குலத்தைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. குஷன் ஸ்பிரிங்குக்கு அசைய இடமில்லை என்றால், வைப்ரேட்டர் வேகம் எடுப்பதற்கு முன்பே பாயின்ட் அரைகுறையாகப் பிரியும். பலவீனமான ஒரு பொறி, உடனே இன்னொன்று என்று இரட்டைப் பொறி வரும். சோதிக்கும்போது ஆம்பியர் மீட்டர் மட்டும் சமர்த்தாக, இருக்க வேண்டிய 1.3 ஆம்பியரையே காட்டிக்கொண்டிருக்கும்.

சோதனைக்கு ஆகச் சிறந்தது கையால் சுற்றும் காயில் டெஸ்டர். அதில் மாடல் டி ஃபிளைவீல் மேக்னெட்டோவே, அதாவது காந்தங்கள் சுழன்று மின்சாரம் தரும் கருவியே இருக்கிறது, 16 காந்தங்கள், 16 சுருள்கள். சீராகச் சுற்றினால் வளையத்தில் 16 இடங்களில் பொறி விழும். ஓரிடத்துக்கு ஒரே பொறி, அதுவும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முள் மீட்டரில் 1.3 ஆம்பியர் வருமாறு வைப்ரேட்டர் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டிக் குறையுங்கள். விறைப்பு கூடினால் ஆம்பியர் கூடும். டிஜிட்டல் மீட்டர் இங்கே சரிப்படாது, எண்கள் தாவிக்கொண்டே இருக்கும். டெஸ்டர் இல்லாதவர்கள் 6 வோல்ட் பேட்டரியில் தோராயமாக அமைக்கலாம், ஆனால் இரட்டைப் பொறி அதில் தெரியாது. எந்தச் சோதனையிலும் பொறி தாவ சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தே ஆக வேண்டும். தாவ வழியில்லாமல் ஓட்டினால் மின்சாரம் செகண்டரியின் உள்ளேயே வழி தேடும், காயில் செத்துவிடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தள்ளி நின்றுகூடப் பார்க்க வேண்டாம்.

காரில் மாட்டும்போது பொட்டுகளைத் துடைத்து, நான்கு காயில்களும் உட்காரும் காயில் பாக்ஸின் மரத்தில் கருகிய கோடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். மேக்னெட்டோ டெர்மினலில் மட்டும் பேட்டரி வயர் பட்டுவிடக் கூடாது, காந்தங்களின் சக்தி போய்விடும்.

எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, ஒவ்வொரு வைப்ரேட்டராக விரலால் அழுத்திப் பிடியுங்கள். எதை அழுத்தினால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. அந்தக் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றுங்கள். கோளாறு காயிலோடு போனால் அதை மறுபடி டெஸ்டருக்குக் கொண்டு போங்கள். பழைய சிலிண்டரிலேயே நின்றால் பிளக், வயர், அப்புறம் டைமர் என்று அந்த வரிசையில் பாருங்கள்.